பணமும் பதவியும் இல்லாதவர் தன் பகுதியில் எதை மாற்றிவிட முடியும்?

பணம், பதவி, பின்பலம் எதுவும் இல்லாத சாதாரண ஆள் தன் பகுதியில் உண்மையிலேயே ஏதாவது மாற்றிவிட முடியுமா, செய்திகளில் வருகிறவர்கள் எல்லாரும் லட்சத்தில் ஒருவர்தானே, முடியும் என்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் அந்தச் செய்திகள் சொல்கிற விதத்தில் நடப்பது அபூர்வம். அவற்றில் எப்போதும் ஒரே ஆள், ஒரு படம், கடைசியில் ஒரு விருது. நடுவில் ஓடிய இருபது முப்பது வருடம் ஒரு வரியில் போய்விடும். உங்களுக்குத் தேவையானது அத்தனையும் அந்த ஒரு வரிக்குள்தான் அடைபட்டிருக்கிறது.

அசாமின் ஜாதவ் பாயெங்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரம்மபுத்திராவின் மணல்திட்டில் சுமார் 550 ஹெக்டேர் காட்டை வளர்த்தவர், 2015-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அதிகம் பேசப்படாத தகவல் ஒன்று உண்டு. 1980-ல் அந்தப் பக்கம் 200 ஹெக்டேரில் மரம் வளர்க்க அரசே ஒரு சமூகக் காடு திட்டத்தைத் தொடங்கியது. அதில் வேலை செய்த கூலியாட்களில் அவரும் ஒருவர். ஐந்து வருடத்தில் திட்டம் முடிந்தது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள், இவர் போகவில்லை. நட்டதைப் பார்த்துக்கொண்டார், மேலும் நட்டார். 2008-ல் ஒரு யானைக் கூட்டத்தைத் தேடி வந்த வனத்துறையினர்தான் அங்கே அவ்வளவு பெரிய காடு இருப்பதைக் கண்டார்கள். அவரிடம் அரிய திறமை இருந்ததா என்றால், மரம் நடுகிற திறமை அந்தத் திட்டத்தில் இருந்த எல்லாருக்கும்தான் இருந்தது. திட்டம் முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தவர் அவர் ஒருவர்.

கர்நாடகத்தின் சாலுமரத திம்மக்காவும் இப்படித்தான். ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் இடையே உள்ள சாலையோரம் 385 ஆலமரங்கள் என்ற எண்ணைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது முதல் வருடத்துக் கணக்கு. அந்த வருடம் அவரும் கணவர் சிக்கய்யாவும் வைத்தவை பத்தே கன்றுகள். அடுத்த வருடம் பதினைந்து, அதற்கடுத்த வருடம் இருபது. இருவரும் கூலி வேலை பார்த்தவர்கள். மழைக்காலம் பார்த்து நட்டார்கள், குடத்தில் தண்ணீர் சுமந்து கிலோமீட்டர் கணக்கில் நடந்து ஊற்றினார்கள், ஆடுமாடு வாய் வைக்காமல் இருக்க முள் வெட்டி வந்து அடைத்தார்கள். இரண்டு பேரால் எத்தனை கன்றுக்குத் தண்ணீர் சுமக்க முடியுமோ அத்தனைதான் நட்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு நேர் எதிரானதை அடிக்கடி பார்க்கிறோம். ஒரே நாளில் ஆயிரம் கன்று, பேனர், மைக், குழுப் படம். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் குழிகளும் காய்ந்த குச்சிகளும்தான் மிச்சம். வந்தவர்கள் மோசமானவர்கள் இல்லை. நடுவதற்கு ஆள் சேர்த்தார்கள், தண்ணீர் ஊற்றச் சேர்க்கவில்லை. எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான்: உங்களால் மோசமான ஒரு வாரத்திலும் செய்ய முடிகிற அளவுக்குத் தொடங்குங்கள். வேலைப்பளு, வீட்டில் உடம்பு சரியில்லாத ஆள், மழை, சோம்பல் எல்லாம் சேர்ந்து வரும் வாரத்தில் உங்களால் எவ்வளவு முடியும்? அதுதான் உங்கள் அளவு. உற்சாகமான நாளில் போடுகிற திட்டத்தை நம்ப வேண்டாம்.

மீதிப் பாதி, இரண்டாவது ஆள். ஒரு ஆள் செய்ததாகச் சொல்லப்படும் கதைகளைக் கொஞ்சம் கிளறினால் இரண்டாவது, மூன்றாவது ஆள் கட்டாயம் வெளியே வருவார். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்தார். இது உலகத்துக்கே தெரியும். அன்றிரவு என்ன நடந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் கூட்டிக்கொண்டு தன் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடிய பல்லாயிரம் துண்டறிக்கைகள் அடித்தார். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள் என்பதுதான் அதில் இருந்த செய்தி. மறுநாளே அவை பள்ளி, கடை, முடிதிருத்தகம் என்று நகரம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. அவ்வளவு வேகமாகப் போகக் காரணம், அவர் இருந்த பெண்கள் அமைப்பு 1946-லிருந்தே இயங்கிவந்தது. யார் வீடு எங்கே, யாரிடம் கொடுத்தால் எத்தனை பேருக்குப் போகும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்தப் புறக்கணிப்பு 381 நாட்கள் நடந்தது. வேலைக்குப் போகிறவர்களைத் தினமும் கொண்டுபோய்விடச் சுமார் 300 கார்கள் ஓடின. பெட்ரோல் யார் போட்டது? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணியும் அவர் சேர்த்த பெண்களும் வீட்டில் உணவு செய்து விற்று, அந்தக் காசை வாராவாரம் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் பெயர் சொல்ல முடியாதவர்களும் அதில் இருந்தார்கள். அதனால் தங்கள் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராத குழு’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று பொய்யில்லாமல் பதில் சொல்லலாம். கில்மோர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக வேலையை இழந்தார், பிறகு தன் வீட்டிலேயே சமைத்து விற்றார். வரலாற்றுப் பாடத்தில் இவர் பெயர் இருக்காது. இவர் இல்லாமல் அந்தக் கார்களும் ஓடியிருக்காது.

ஆக, எல்லாரும் ரோசா பார்க்ஸாக இருக்கத் தேவையில்லை. உங்கள் பகுதியில் ஏற்கெனவே யாரோ தனியாக இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு வேலை இருக்கும். நூலகத்தைத் திறந்து மூடுகிறவர், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவர், தெருநாய்களுக்குத் தடுப்பூசி போடவைக்க அலைகிறவர். புதிதாக ஒரு அமைப்பைத் தொடங்கி, பெயர் வைத்து, சின்னம் வரைவதைவிட அவருக்கு இரண்டாவது ஆளாகப் போய் நிற்பது பலமடங்கு உபயோகம். பெயர் கிடைக்காது என்பதால் இதை யாரும் பெரிதாகச் சிபாரிசு செய்வதில்லை.

அடுத்து, “நாம் என்ன படித்திருக்கிறோம், நம் பேச்சை யார் கேட்பார்கள்” என்ற தயக்கம். இதற்கு லோயிஸ் கிப்ஸின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்று ஒரு பழைய கால்வாய். 1942 முதல் 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் அதில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி, மண்ணால் மூடி, பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு விற்றது. அங்கே பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-ல் உள்ளூர்ச் செய்தித்தாளில் இதைப் படித்த கிப்ஸ், அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்கு அடிக்கடி உடம்புக்கு வருவதை இதோடு சேர்த்துப் பார்த்தார். வேறு பள்ளிக்கு மாற்றக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். வயது இருபத்தேழு, வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மேடையேறிப் பேசிய பழக்கமில்லை. மனு எழுதிக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். முதல் வீட்டுக் கதவைத் தட்டினார், யாரும் திறக்கவில்லை. விட்டால் போதும் என்று வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். அதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி போனார்.

கையெழுத்து வாங்கப் போன இடத்தில்தான் வீட்டுக்கு வீடு ஒரே மாதிரிக் கதை வருவது தெரிந்தது. கருச்சிதைவு, குறையோடு பிறந்த குழந்தை, ஆஸ்துமா, வலிப்பு. பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு எந்த வீட்டில் என்ன நோய் என்று கேட்டுக் கேட்டு எழுதி, தெரு வரைபடத்தில் குறித்தார்கள். நோய்கள் கண்டபடி சிதறியிருக்கவில்லை. ஒருகாலத்தில் நீரோடைகள் இருந்து பிறகு தூர்க்கப்பட்ட தடங்களை ஒட்டியே கூடியிருந்தன. பெவர்லி பைகன் என்ற புற்றுநோய் ஆய்வாளர் அந்தத் தரவை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். மாநிலச் சுகாதாரத் துறை அதை வீட்டுப் பெண்களின் உதவாத தரவு என்று தள்ளிவிட்டது. ஆனாலும் விடவில்லை. 1978 ஆகஸ்டில் கால்வாயை ஒட்டிய சுமார் 240 குடும்பங்களை வெளியேற்ற முடிவானது. 1980-ல் சுற்றுவட்டாரத்தின் மற்றக் குடும்பங்களும் இடம்பெயர வழி பிறந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நச்சுக் கழிவு இடங்களைச் சுத்தம் செய்யும் செலவைப் பொறுப்பானவர்களிடமே வசூலிக்க வழிசெய்யும் சூப்பர்ஃபண்ட் சட்டமும் வந்தது.

இதில் கோஷத்தைவிட வேலை செய்தது அந்த நோட்டும் வரைபடமும்தான். “எங்கள் பகுதியில் தண்ணீர் சரியில்லை” என்று சொன்னால் அதிகாரி தலையாட்டி அனுப்பிவிடுவார். எந்தத் தேதி, எந்த வீடு, எத்தனை மணிக்கு, என்ன நிறம் என்று மூன்று மாதக் குறிப்போடு போனால் அவரால் அவ்வளவு சுலபமாக அனுப்ப முடியாது. படித்த ஆய்வாளர் யாரும் அந்தத் தெருவில் தினமும் நடப்பதில்லை. நீங்கள் நடக்கிறீர்கள். அங்கே வசிப்பதே ஒரு தகுதி.

ஜிம்பாப்வேயில் இதையே வேறொரு வகையில் காணலாம். கோடிக்கணக்கான மக்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்கள். 2006 வாக்கில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், ஹராரேயின் ம்பாரே பகுதியில் ஏற்கெனவே சுகாதாரத் தொண்டு செய்துகொண்டிருந்த 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். மருத்துவமனைக்குள் அறை கிடைக்காததால் வெளியே ஒரு மர பெஞ்ச். வருகிறவர் அதில் உட்காருவார், பாட்டி கேட்பார், அவருடைய சிக்கல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு என்ன செய்யலாம் என்று இருவருமாக யோசிப்பார்கள். மனநல பெஞ்ச் என்று பெயர் வைக்கத்தான் மருத்துவர் நினைத்திருந்தார். அப்படிச் சொன்னால் ஒருத்தரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று சொன்னவர்கள் பாட்டிகள்தான். அதனால் அது ‘நட்பு பெஞ்ச்’ ஆனது. 2016-ல் வெளிவந்த ஆய்வில் 24 மருத்துவமனைகளில் 573 பேரைப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 50 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன, பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான்.

நல்ல மனம் மட்டும் போதும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டிகளுக்கு முறையான பயிற்சி இருந்தது, கேள்விப் பட்டியல் இருந்தது, தங்களால் முடியாததை மேலே அனுப்ப வழியும் இருந்தது. உள்ளூர் அறிவும் கொஞ்சம் தொழில் அறிவும் சேர்ந்ததுதான் பலன் கொடுத்தது. கிப்ஸுக்கும் ஒரு பைகன் தேவைப்பட்டார் அல்லவா?

ஒரு வேலையையும் தலைமேல் போட்டுக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறேன் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையைச் சொல்வேன். 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் தனியாக வசித்த முதியவர்கள் ஏராளம். சமூகவியலாளர் எரிக் கிளைனென்பெர்க் இரண்டு பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டும் ஏழைப் பகுதிகள், இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள் நிறைய. ஆனால் ஒன்றில் மக்கள்தொகைக் கணக்கில் இறப்பு விகிதம் மற்றதைப் போல் பத்து மடங்கு. குறைவாக இறந்த பகுதியில் தெருவில் எப்போதும் ஆள் நடமாட்டம், கடைகள், பேச்சு. முதியவர்கள் வெளியே வந்தார்கள், வராவிட்டால் யாராவது கவனித்தார்கள். மற்றதில் கடைகள் மூடி, மனைகள் காலியாகி, கதவுகள் சாத்திக் கிடந்தன. பக்கத்து வீட்டு முதியவரின் பெயரும் அவர் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணும் தெரிந்து வைத்திருப்பது சமூக சேவை என்று யாரும் எழுதமாட்டார்கள். வெப்ப அலை வரும் நாளில் அது ஒரு உயிர்.

ஆள் சேர்ப்பது எப்படி என்பதில் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் “யாராவது வாங்க” என்று போடுவார்கள், இருபது கைகூப்பும் படங்கள் வரும், ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் நிற்பார். மக்களுக்கு அக்கறை இல்லை என்று அவர் முடிவுகட்டிவிடுவார். 1968-ல் ஜான் டார்லி, பிப் லடானே என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை இதை வேறுவிதமாக விளக்குகிறது. தனித்தனி அறையில் இருந்த மாணவர்களுக்கு, ஒலிபெருக்கி வழியாக ஒருவருக்கு வலிப்பு வருவதுபோலக் கேட்கவைத்தார்கள். தான் ஒருவன்தான் கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவிக்கு ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். கல்நெஞ்சம் இல்லை, வேறு யாராவது போயிருப்பார்கள் என்ற நினைப்பு. எனவே பொதுவாக அழைக்காதீர்கள். ஒருவரைத் தனியாகப் பார்த்து, பெயர் சொல்லி, ஒரு குறிப்பிட்ட வேலையை, முடியும் நேரத்தோடு கேளுங்கள்: “ஞாயிறு காலை ஏழு முதல் எட்டு வரை, ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், வர முடியுமா?” இதற்கு முடியும், முடியாது என்ற இரண்டு பதில்தான்.

சேர்ந்த பிறகு குழுக்களை உடைப்பது பெரும்பாலும் பணம், அதற்கடுத்து மேடையில் யார் பெயர் முதலில் என்பது. பொதுச் சொத்தை மக்களே நிர்வகிப்பதை ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பாசன வாய்க்கால், மேய்ச்சல் நிலம், மீன்பிடிப் பகுதி என்று பல தேசங்களில் பார்த்துவிட்டுச் சொன்னவை மிகவும் நடைமுறைக்கு உகந்தவை. யார் யார் உள்ளே என்பது தெளிவாக இருக்க வேண்டும். விதிகளை அந்தச் சொத்தைப் பயன்படுத்துகிறவர்களே வகுக்க வேண்டும், கண்காணிப்பதும் அவர்களே. விதி மீறினால் முதல்முறை லேசான தண்டனை, திரும்பத் திரும்ப நடந்தால் கடுமை கூட வேண்டும். சண்டை வந்தால் சுலபமாகப் பேசித் தீர்க்க ஒரு இடம் வேண்டும். நான் கூட்டிச் சொல்வது ஒன்றே ஒன்று: ஒரு ரூபாய் வசூலித்தாலும் கணக்கை எல்லாரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள், யாரும் கேட்பதற்கு முன்பே. கேட்ட பிறகு காட்டுகிற கணக்கை யாரும் முழுசாக நம்புவதில்லை.

“இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நாம் ஏன் செய்ய வேண்டும்” என்ற கேள்வியை நான் நியாயமானதாகவே பார்க்கிறேன். சாக்கடையும் பள்ளியும் வரிப்பணத்தில் நடக்க வேண்டியவை. தன்னார்வலர்கள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டால் செய்ய வேண்டியவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆனால் செய்வதும் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. மங்களூரில் ஆரஞ்சு விற்ற ஹரேகல ஹாஜப்பா, வெளிநாட்டவர் ஆங்கிலத்தில் விலை கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் கூசிப்போனவர். தனக்குக் கிடைக்காத படிப்பு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று சேமித்தார், கூடவே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். 2000-ல் 28 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. ஆரஞ்சு விற்ற காசில் மட்டும் பள்ளி எழுந்ததாகச் சொல்கிறவர்கள் அவருடைய விடாப்பிடியான அலைச்சலைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

உதவி என்ற பெயரில் நடக்கும் தொந்தரவும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரப் பகுதிகளில் பழைய துணிகள் குவிந்து, வாங்க ஆளில்லாமல் சாலையோரம் கிடந்தன. அங்கிருப்பவர்களுக்கு என்ன தேவை என்று கேட்காமல் அனுப்பியதுதான் காரணம். கேட்பதற்கு அரை மணி நேரம் ஆகும், அதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடைசியாக, விலகுவதைப் பற்றி. பலர் தொடங்கவே தயங்குவது, ஆரம்பித்துவிட்டால் ஆயுள் முழுக்க மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில்தான். அது நியாயமான பயம், அதற்கு வழி வேலையை வடிவமைப்பதிலேயே இருக்கிறது. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேர் ஓடிய ஒரு சனிக்கிழமை ஓட்டம், இன்று பார்க்ரன் என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வாராவாரம் இலவசமாக நடக்கிறது. தொடங்கிய பால் சின்டன்-ஹெவிட் அப்போது காயத்தால் ஓட முடியாமல் இருந்தவர், நின்று நேரம் குறித்தார். ஒரே நாள், ஒரே தூரம், நேரம் குறிக்க ஒருவர், எல்லைக்கோட்டில் ஒருவர், வழியில் நிற்கச் சிலர். ஒவ்வொரு வேலையையும் புதிதாக வந்தவருக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதனால் இந்த வாரம் நின்றவர் அடுத்த வாரம் வரவில்லை என்றாலும் ஓட்டம் நிற்பதில்லை.

உங்கள் வேலையையும் முதல் மாதத்திலிருந்தே அப்படிப் பிரித்து வையுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். யாரை எதற்குத் தொடர்புகொள்வது, எந்த அலுவலகத்தில் எந்த மேசை, மனு எண் என்ன என்பதெல்லாம் உங்கள் கைபேசிக்குள் மட்டும் இல்லாமல் ஒரு நோட்டில் இருக்கட்டும். மூன்றாவது மாதத்தில் ஒரு வாரம் வேண்டுமென்றே போகாமல் இருந்து பாருங்கள். வேலை நடந்திருந்தால் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நடக்கவில்லை என்றால், புதிதாக எதையும் சேர்க்காமல், எந்த இடத்தில் நின்றது என்று பார்த்து அந்த ஒரு வேலைக்கு இன்னொருவரைப் பழக்குங்கள்.